ரத்தம் பச்சையானால் போதுமா?

2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ வந்தபோது, பப்ஜி ஆடிப் பழகிய பிள்ளைகள் இரண்டு மாற்றங்களை உடனே கண்டுபிடித்தார்கள். குண்டடி பட்டவர் உடலிலிருந்து தெறிக்கும் ரத்தம் பச்சையாகியிருந்தது. ‘கில்’ என்ற சொல் ‘ஃபினிஷ்’ ஆகியிருந்தது. பத்து மாதங்களுக்கு முன், 2020 செப்டம்பரில், எல்லைப் பதற்றத்தின் சூட்டில் சீனத் தொடர்புள்ள 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜி மொபைலையும் மத்திய அரசு முடக்கியிருந்தது. சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பும் பயனர்களின் தரவும். ரத்தத்துக்கும் அந்தத் தடைக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் கொரிய நிறுவனமான கிராஃப்டன் வேறு பெயரில் திரும்பி வந்தபோது, பெற்றோரைச் சமாதானப்படுத்த நிறத்தைத்தான் மாற்றியது. 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், பெற்றோரின் கைபேசிக்கு ஓடிபி என்றும் விதிகள் வந்தன. கூடவே இன்னொரு வரம்பும் வந்தது. 18 வயதுக்குட்பட்டவர் விளையாட்டுக்குள் செலவழிக்கலாம், ஒரு நாளைக்கு 7,000 ரூபாய் வரை.

வரம்பு விதிப்பது நல்ல செயல்தானே என்று கேட்கலாம். பள்ளிப் பிள்ளை ஒருநாளில் ஏழாயிரம் ரூபாய் செலவழிக்கக்கூடும் என்று கணக்குப் போட்டு ஒரு கடை நடக்கிறது என்பதைத்தான் அந்த வரம்பு எனக்குச் சொல்கிறது. வீடியோ கேம்களின் அறம் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதத்தில் பெரும்பகுதி திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றியது. திரைக்கு இந்தப் பக்கம் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் அந்த விவாதத்தின் நிழலிலேயே வளர்ந்தது. யார் பணம், யார் நேரம், யார் உழைப்பு என்று கேட்டால் இந்தத் துறையின் சிக்கல்கள் வேறு வரிசையில் நிற்கின்றன.

முதலில் பழைய வழக்கைப் பார்த்துவிடலாம். 1976-ல் அமெரிக்காவின் எக்ஸிடி நிறுவனம் ‘டெத் ரேஸ்’ என்ற ஆர்கேட் இயந்திரத்தை வெளியிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பிக் காரை ஓட்டி, திரையில் ஓடும் குச்சி உருவங்கள் மீது ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஓர் அலறல். விழுந்த இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும். அவை மனிதர்கள் இல்லை, பூதங்கள் என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. கண்டனங்கள் வந்தன, பத்திரிகைகள் எழுதின, இயந்திரம் முன்னைவிட நன்றாக விற்றது.

1993 டிசம்பரில் விவகாரம் அமெரிக்க செனட்டுக்குப் போனது. ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் நடத்திய விசாரணையில் ‘மோர்ட்டல் காம்பாட்’, ‘நைட் ட்ராப்’ இரண்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றன. மோர்ட்டல் காம்பாட்டின் வீட்டுப் பதிப்பில் நின்டெண்டோ ரத்தத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற வியர்வையைத் தெறிக்கவிட்டிருந்தது. சேகா தன் பதிப்பில் ஒரு ரகசியக் குறியீட்டை அடித்தால் ரத்தம் வரும்படி விட்டிருந்தது. சேகா பதிப்புதான் அதிகம் விற்றது. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம் வந்தபோது நின்டெண்டோவும் ரத்தத்தை விட்டுவிட்டது. இன்றைய பச்சை ரத்தத்தின் மூதாதை அந்தச் சாம்பல் வியர்வை. விசாரணையின் நெருக்கடியில் 1994-ல் வயதுத் தரம் பிரிக்கும் ஈஎஸ்ஆர்பி அமைப்பைத் தொழில்துறை தானே உருவாக்கிக்கொண்டது. அரசு சட்டம் போடுவதற்குள் முந்திக்கொண்டது என்றும் சொல்லலாம்.

சட்டமும் பின்னால் வந்தது. வன்முறை விளையாட்டுகளைச் சிறார்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் 2005-ல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்டது. கையெழுத்திட்ட ஆளுநர், திரையில் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளிய அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர். 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. புத்தகம், நாடகம், திரைப்படம் போல விளையாட்டும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குரியது என்று நீதிபதி ஆண்டனின் ஸ்கேலியா எழுதினார். சட்டத்தை முன்மொழிந்த லீலண்ட் யீ, 2014-ல் ஆயுதக் கடத்தல் சதி உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார். இதைக் கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? வன்முறை விளையாட்டுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் நிறைய வந்தன. அவற்றில் பல, ஆய்வகத்தில் சில நிமிடங்கள் ஆடவிட்டு உடனே அளந்தவை. 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 14, 15 வயதுள்ள பிரிட்டிஷ் பிள்ளைகள் ஆயிரம் பேரிடமும் அவர்களை வளர்ப்பவர்களிடமும் கேட்டு, எதைத் தேடுகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு ஆராய்ந்தார்கள். தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தன் நிலைப்பாட்டைத் திருத்தியது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொலைபாதகங்களுக்கு விளையாட்டைக் காரணம் காட்டுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றது. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மறுபடி மறுபடி அதைத் திறப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பெரும்பாலும் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசாமலிருக்கும் வேலை.

விளையாட்டு கொலைகாரனை உருவாக்காது என்பதால், அது என்ன சொன்னாலும் தகும் என்றாகிவிடாது. கொல்வதைவிட யாரைக் கொல்லச் சொல்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. இரண்டாயிரங்களில் தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ‘வைஸ் சிட்டி’ ஆடியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஹைத்தியர்களைக் கொல்லச் சொல்லும் வரி அதன் ஒரு கட்டத்தில் இருந்ததையும், நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் ஹைத்திய மக்கள் திரண்டு எதிர்த்ததையும், 2003 டிசம்பரில் அந்த வரிகளை நீக்கத் தயாரிப்பு நிறுவனமான ராக்ஸ்டார் ஒப்புக்கொண்டதையும் இங்கே ஆடிய நம்மில் எத்தனை பேர் அறிந்திருப்போம்? ஆங்கில வசனத்தை யாரும் கவனிக்கவில்லை. ஏமாற்றுக் குறியீடுகளை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருந்தோம்.

இதைவிடக் கனமான உதாரணம் 2019-ல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’. 1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பாஸ்ரா செல்லும் சாலையில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக்கிய வாகன வரிசையை அமெரிக்கா தலைமையிலான விமானங்கள் குண்டு வீசி எரித்தன. உலகம் அதை ‘மரண நெடுஞ்சாலை’ என்றது. கற்பனை நாட்டில் நடக்கும் அந்த விளையாட்டில் அதே பெயரில் ஒரு சாலை வருகிறது; அங்கே குண்டு வீசியவர்கள் ரஷ்யர்கள். நடந்த ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டு, செய்தவரை மட்டும் மாற்றிவிடுவது எந்த ரத்தத் தெறிப்பையும்விடத் துல்லியமான வன்முறை. பதினைந்து வயதில் இதை ஆடியவனுக்கு 1991 பற்றி வேறெங்கும் தெரியவரும் வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்க ராணுவமே 2002 முதல் 2022 வரை ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற இலவச விளையாட்டை ஆள்சேர்ப்புக்காக நடத்தியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மறுபக்கம், செஞ்சிலுவைச் சங்கம் ‘ஆர்மா 3’ தயாரித்த செக் நிறுவனத்தோடு சேர்ந்து 2017-ல் ‘லாஸ் ஆஃப் வார்’ என்ற துணைப் பாகத்தைக் கொண்டுவந்தது. கண்ணிவெடி அகற்றும் தொண்டராக அதில் ஆட வேண்டும். போர்ச் சட்டம் படித்தவர்கள் தடை கேட்காமல் போர்ச் சட்டத்தை விளையாட்டுக்குள் வைக்கச் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பயம் எவ்வளவு எளிதில் இடம் மாறிப் போகும் என்பதற்குத் தமிழ்நாடு 2017-ல் ஒரு பாடம் கண்டது. ‘புளூ வேல்’ என்ற விளையாட்டு பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பள்ளிகளில் எச்சரிக்கைக் கூட்டங்கள், மாணவர்களின் கைகளில் திமிங்கில வடிவம் இருக்கிறதா என்ற சோதனை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2018 ஜனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன பதில், விசாரித்த எந்தச் சம்பவத்திலும் அந்த விளையாட்டின் பங்கை உறுதிசெய்ய முடியவில்லை என்பது. தரவிறக்கிக்கொள்ளக்கூடிய செயலியாக அப்படி ஒன்று கிடைக்கவேயில்லை. அதே காலத்தில், உண்மையிலேயே வீடுகளைக் கரைக்கும் விளையாட்டு ஒன்று தொலைக்காட்சி விளம்பரத்தோடு நடந்துகொண்டிருந்தது.

ஆன்லைன் ரம்மியை வீடியோ கேம் என்று சொல்லலாமா என்பது நியாயமான ஐயம். ஆனால் அதைத் தடுப்பது பற்றி நடந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வியும் கேட்கப்படாத கேள்வியும் மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்ததால், தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, 2021-ல் அதைச் சட்டமாக்கியது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, 2022 அக்டோபரில் மறுபடி சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் என்று பட்டியலிட்ட பகுதியை நீக்கிவிட்டது. ஏன் இத்தனை இழுபறி? திறமையா, அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வி. திறமை விளையாட்டு என்றால் அது தொழில். அதிர்ஷ்டம் என்றால் சூது.

இந்தக் கேள்வியின் வேர் 1967-ல் இருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில், எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருப்பதால் ரம்மி பெருமளவு திறமை விளையாட்டே என்றது உச்ச நீதிமன்றம். ரம்மி நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இதை மந்திரம்போல் எடுத்துக்காட்டிவந்தார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு வாக்கியமும் உண்டு. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப்பின் உரிமையாளர் லாபம் பார்க்கிறார் என்று காட்டினால், அது குற்றமாகலாம் என்பது அதன் சாரம். சீட்டைப் பற்றி மட்டும் கேட்காதே, இடம் கொடுத்தவன் எவ்வளவு எடுக்கிறான் என்றும் கேள் என்று நீதிமன்றம் அன்றே கோடிட்டிருந்தது. அரை நூற்றாண்டு நாம் முதல் பாதியைப் பற்றியே வாதாடினோம்.

2025-ல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. பிப்ரவரியில் தமிழ்நாட்டின் இணையவழி விளையாட்டு ஆணையம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழையவும் தடை விதித்தது; ஜூனில் உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. அரசு கடைசியில் சீட்டை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். தூக்கமில்லாத பின்னிரவில் தோற்றதை மீட்க ஆடுபவர்தான் அதிகம் இழக்கிறார் என்பது ஆட்டத்தின் வடிவத்தைப் பற்றிய புரிதல். அந்த விதிகள் என்ன பலன் தந்தன என்று பார்ப்பதற்குள், ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, எதுவானாலும் சரி என்று அந்தப் பழைய கேள்வியைச் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே தூக்கிப் போட்டார்கள். நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். மாறாக, இ-ஸ்போர்ட்ஸும் பணயமில்லாத பொழுதுபோக்கு விளையாட்டுகளும் ஊக்குவிக்கப்பட வேண்டியவை என்கிறது அதே சட்டம்.

அங்கேதான் லூட் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. பணம் கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாது. துப்பாக்கிக்கு ஒரு பளபளப்பான ஸ்கின் வரலாம், ஏற்கெனவே மூன்று முறை வந்த தொப்பியே நான்காம் முறை வரலாம். வெளியே பணமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதால் பல நாடுகளின் சூதாட்டச் சட்டம் இதைத் தொடுவதில்லை. 2025 சட்டமும் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பெட்டிக்கடை அட்டையில் நாலணாவுக்குச் சீட்டுக் கிழித்த தலைமுறைக்கு இது புதிதாகத் தோன்றாது. பலூன் வரும், பெரும்பாலும் ஒன்றும் வராது. அழுதுகொண்டு வீட்டுக்குப் போவோம். ஆனால் கடைக்காரருக்கு நாம் கடைசியாக எப்போது தோற்றோம், எத்தனை தோல்விக்குப் பிறகு எழுந்து போவோம் என்ற குறிப்பேடு கிடையாது. இங்கே அது உண்டு. ரூபாயை நேரடியாகச் செலவழிக்க விடமாட்டார்கள். முதலில் டைமண்ட், யூசி என்று ஏதாவதொரு விளையாட்டு நாணயமாக மாற்ற வேண்டும். மாற்றியபின் எவ்வளவு செலவழித்தோம் என்ற உணர்வு மழுங்கிவிடும். விற்கும் கட்டு ஓர் அளவில், பொருளின் விலை வேறோர் அளவில் இருப்பதால் எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதைத் தீர்க்க இன்னொரு டாப்-அப். நினைத்த பொருள் ஞாயிறு இரவோடு போய்விடும் என்று ஒரு கடிகாரம் ஓடும். ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு 2017 அக்டோபரில் கிடைத்த ஒரு காப்புரிமை, பொருள் வாங்காத ஆட்டக்காரரை அந்தப் பொருளை வைத்திருக்கும் வலுவானவரோடு மோதவிட்டு வாங்கத் தூண்டும் முறையை விவரிக்கிறது. எந்த விளையாட்டிலும் இதைப் பயன்படுத்தவில்லை என்றது நிறுவனம். இருக்கட்டும். நீங்கள் யாரிடம் தோற்க வேண்டும் என்பதை விற்பனைப் பிரிவு முடிவுசெய்யலாம் என்ற எண்ணம் ஒருவர் மூளையில் உதித்து, வரைபடமாகி, காப்புரிமை அலுவலகம் வரை போயிருக்கிறது.

உலக நாடுகள் இதை எப்படி எதிர்கொண்டன என்பது ஒரு கதம்பம். ஜப்பான் 2012-லேயே, பல சீட்டுகளைச் சேர்த்து முழுமையாக்கினால் பரிசு தரும் ‘கொம்ப்பு கச்சா’ முறையைச் சட்டவிரோதம் என்றது. சீனா 2017 முதல் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வாய்ப்பில் வரும் என்று வெளியிடச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’, முழு விலை வாங்கிக்கொண்டு நாயகர்களைத் திறக்க மேலும் காசு கேட்டதால் ஆட்டக்காரர்களே கொதித்தெழுந்தார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியம் லூட் பாக்ஸைச் சூது என்று அறிவித்தது. நெதர்லாந்து ஃபிஃபா விளையாட்டின் அட்டைக்கட்டுகளுக்காக எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட, 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், கட்டு என்பது பெரியதொரு திறமை விளையாட்டின் பகுதிதானாம். செகந்திராபாத் கிளப்பின் எதிரொலி ஹேக் நகரில் கேட்கிறது. பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன் 2019-ல் நின்ற அந்நிறுவனத்தின் அதிகாரி, இதைச் சாக்லேட் முட்டைக்குள் இருக்கும் பொம்மையோடு ஒப்பிட்டு, அறத்துக்கு உகந்ததே என்றார். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் சூதா இல்லையா என்ற சிக்கலுக்குள் போகாமல் ஏமாற்றைப் பிடித்தது. 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ தயாரிக்கும் எபிக் நிறுவனம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, அதில் 24.5 கோடி, குழப்பமான பொத்தான்களால் வேண்டாத பொருளை வாங்க வைத்ததற்காக. 2025 ஜனவரியில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ நிறுவனம் 2 கோடி டாலர் கட்டியது. 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலின்றிப் பெட்டி விற்கவும் தடை.

எனக்கு மிகவும் சரியாகப் படுவது ஜெர்மனியின் வழி. 2023 முதல் அங்கே வயதுத் தரம் முடிவுசெய்யும்போது, விளையாட்டுக்குள் வாங்கத் தூண்டும் அழுத்தத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் ‘ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24’ என்ற சாதுவான கால்பந்து விளையாட்டு 12 வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று தரம் பெற்றது. ஆஸ்திரேலியாவும் 2024 செப்டம்பரில் இதே திசையில் நகர்ந்தது. இந்தியாவில் பிளே ஸ்டோரில் தெரியும் வயது எண், தயாரிப்பாளர் தானே பூர்த்திசெய்யும் கேள்வித்தாளிலிருந்து வருவது.

நேரத்தைப் பற்றிய கேள்வி பணத்தைப் பற்றியதைவிடக் குழப்பமானது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 முதல் நடைமுறை. கட்டுப்பாடு இழந்து, மற்றெல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடிப்பது என்று வரையறை கறாரானது. கோடை விடுமுறையில் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் பையன் இதில் வரமாட்டான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதல் ‘ஷட்’ என்ற பெயரில் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது.

அரசுகள் எடுத்தது கடிகார வழி. தென்கொரியா 2011-ல் 16 வயதுக்குட்பட்டோருக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை கதவை மூடி, பத்தாண்டில் கைவிட்டது. சீனா 2019-ல் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றது. 2021-ல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மட்டும் என்று இறுக்கியது. 2019 விதிக்கு முன்னும் பின்னும் பதிவான எழுநூறு கோடி மணி நேர ஆட்டத்தை ஆராய்ந்த டேவிட் ஜெண்டில் குழு, அளவுமீறி ஆடுவது குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2023-ல் எழுதியது. தாத்தாவின் அடையாள எண்ணில் பேரன் நுழைவதைத் தடுக்க முடியாமல் போயிருக்கலாம். ரம்மிக்குக் கடிகாரத்தைப் பாராட்டிவிட்டு இங்கே குறை சொல்வது முரணில்லையா என்றால், ஓரளவு முரண்தான். அங்கே பூட்டு கடையின் கல்லாப்பெட்டிக்குப் போடப்பட்டது, இங்கே பிள்ளையின் பொழுதுக்கு. வெளியே மைதானமும் இல்லாமல், டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு நண்பர்களைப் பார்க்கும் திண்ணையாகவும் அதுவே இருக்கக்கூடும்.

உழைப்பைப் பற்றி ஆடுபவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. 2004-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, வாரக்கணக்கில் ஓய்வின்றி வேலை வாங்கப்படுவதை இணையத்தில் எழுத, அதன் தொடர்ச்சியாக வழக்குகளில் நிறுவனம் மூன்று கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து முடித்தது. கட்டாய மிகைவேலை இருக்காது என்று 2019-ல் சொன்ன போலந்தின் சிடி ப்ராஜெக்ட், மறு ஆண்டே ‘சைபர்பங்க் 2077’ஐ முடிக்க வாரம் ஆறு நாள் வேலை என்றது. அப்படியும் அது பிழைகளோடு வந்து, சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. அமெரிக்காவில் குரல் நடிகர்கள் தம் குரலைச் செயற்கை நுண்ணறிவு நகலெடுப்பதற்கு எதிராக 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஓராண்டு நீண்டது. இந்தியாவும் இந்தச் சங்கிலியில் உண்டு. 1997-ல் தொடங்கி வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கலை வேலை செய்துவந்த பெங்களூரின் துருவா இன்டராக்டிவை 2019-ல் ராக்ஸ்டார் வாங்கியது. ‘ரோப்ளாக்ஸ்’ தளத்திலோ உழைப்பவர்களில் பலர் பிள்ளைகளே. அவர்கள் உருவாக்கும் விளையாட்டுகளில் சேரும் ரோபக்ஸ் நாணயத்தை டாலராக மாற்றும்போது கிடைப்பது, அதை வாங்கும் விலையில் ஒரு சிறு பங்குதான்.

எதைத் தடை செய்வது என்பதைவிட யார் தடை செய்வது என்பதும் இப்போது கேள்வியாகிவிட்டது. 2025 ஜூலையில் ஓர் ஆஸ்திரேலியப் பிரச்சாரக் குழுவின் அழுத்தத்தால் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் நெருக்க, இணைய விளையாட்டுக் கடைகளான ஸ்டீமும் இட்ச் தளமும் பாலியல் உள்ளடக்கம் கொண்ட விளையாட்டுகளை நீக்கின அல்லது தேடலில் மறைத்தன. நீக்கப்பட்டவற்றில் அருவருப்பானவை இருந்தன. ஆனாலும் நீதிமன்றமோ தணிக்கைக் குழுவோ விவாதமோ இல்லாமல், அட்டை தேய்க்கும் நிறுவனம் முகம் சுளித்தால் ஒரு படைப்பு கடையிலிருந்து மறையும் என்பது எந்தத் தரப்புக்கும் நல்லதில்லை. நம் ஊரில் இதன் சிறு வடிவம் 2008-லேயே நடந்தது. ‘ஃபால்அவுட் 3’ இந்தியாவில் வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, பண்பாட்டு உணர்வுகள் என்று ஒரு வரிக் காரணம் சொன்னது. அதில் வரும் ‘பிராமின்’ என்ற இரட்டைத் தலை மாடுதான் காரணமாக இருக்கும் என்று ஆடுபவர்கள் ஊகித்துக்கொண்டார்கள்.

அறத்தையே ஆட்டமாக்கிய விளையாட்டுகளையும் சொல்லாமல் விட முடியாது. லூகாஸ் போப் 2013-ல் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ நம்மை எல்லைச் சாவடி அதிகாரியாக உட்கார வைக்கிறது. கணவனின் தாள் சரி, மனைவியின் தாளில் குறை. விட்டால் அபராதம், அன்றிரவு வீட்டில் பிள்ளைக்கு மருந்தில்லை. சராயேவோ முற்றுகையின் நினைவில் பிறந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ 2014-ல் வந்தது. போலந்து அரசு 2020-ல் அதைப் பள்ளிகளின் வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தை இட்லிப் பானையும் கிழிந்த சமையல் குறிப்புமாகச் சொல்லும் ‘வெண்பா’ 2023-ல் டொராண்டோவிலிருந்து வந்து, மறு ஆண்டு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதை வென்றது. மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். உள்ளே கடையே கிடையாது.

இந்தியாவில் பெரும்பாலோருக்கு இந்த ஒருமுறை விலை என்பதே தடை. எண்ணாயிரம் ரூபாய் கைபேசி வைத்திருக்கும் விருதுநகர்ப் பையனுக்கு, சியோலில் இருப்பவன் ஆடும் அதே விளையாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது இலவச முறைதான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெட்டிகளைத் தடுத்தால் அந்த இலவசம் ஆட்டம் காணும். பெல்ஜியத்தில் நின்டெண்டோ தன் கைபேசி விளையாட்டுகள் இரண்டை 2019-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்னொரு புறம், அங்கே தடைக்குப் பிறகும் அதிகம் சம்பாதித்த நூறு ஐபோன் விளையாட்டுகளில் 82-ல் பெட்டிகள் இருந்ததை லியோன் ஷியாவ் என்ற ஆய்வாளர் 2022-ல் காட்டினார். தடைக்கு விலையும் உண்டு, ஓட்டையும் உண்டு. ஆயினும் பணம் கட்டாதவனும் அங்கே விருந்தாளி அல்ல. கட்டியவன் தன் ஸ்கின்னைக் காட்டிக்கொள்ளக் கூட்டம் வேண்டும். இவன் அந்தக் கூட்டம். நிறுவனங்கள் சூதாட்ட விடுதிகளிடம் கடன் வாங்கித் ‘திமிங்கிலங்கள்’ என்று பெயர் வைத்திருக்கும் மிகச் சிலரே பெருந்தொகை கொட்டுகிறார்கள். அவர்களில் யார் வசதியுள்ளவர், யார் அப்பாவின் யுபிஐயில் அள்ளிக்கொண்டிருப்பவர் என்று வெளியே யாருக்கும் தெரியாது. 2025 சட்டத்தின்கீழ் அமையும் ஆணையம் வேறெதையும் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைக் கேட்கலாம். மொத்த வருமானத்தில் எத்தனை விழுக்காடு எத்தனை பேரிடமிருந்து வருகிறது, அவர்களில் 18 வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர்? பிள்ளைக்கு ஒரு நாள் வரம்பு 7,000 என்று நிர்ணயிக்கத் தெரிந்தவர்களிடம் இந்தப் பட்டியல் இல்லாமல் இருக்காது.